"எங்கட வீட்டில எல்லாருக்கும் இப்பிடித்தான்"



13 வயதில் எனக்குச் சாமத்தியவீடு நடந்தது. மண்டபம், வீடியோ, மூன்று சாறி, இருநூறு பேருக்குச் சாப்பாடு. நான் பெரியபிள்ளை ஆனதை எல்லாரும் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு எத்தனை நாள் இரத்தம் போகுது என்று ஒருத்தரும் கேட்கேல்ல.

ஒன்பது, பத்து நாள் போனது. மணித்தியாலத்துக்கு ஒரு பாட். இரவில் கட்டிலில் துவாய் விரித்துத்தான் படுப்பேன். அம்மாவிடம் சொன்னால், "எங்கட வீட்டில எல்லாருக்கும் இப்பிடித்தான், அம்மம்மாவுக்கும் இப்பிடித்தான்" என்பா. டொக்டரிடமும் அதையே சொன்னா. மொழிபெயர்த்தது நான். அவர் இரும்புக் குளிசை எழுதித் தந்து அனுப்பிவிட்டார்.

23 வயதில் பல்லுப் பிடுங்கி இரண்டு நாளாய் இரத்தம் நிற்காதபோதுதான் இரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதித்தார்கள். வொன் வில்லபிராண்ட் நோய். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அம்மா ஆறுதலுக்குச் சொன்ன வசனம்தான் டொக்டருக்குக் கிடைத்த முதல் தடயம். அதை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

இது புது நோய் இல்லை. 1924இல் ஓலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சிங்கியில் எரிக் வொன் வில்லபிராண்ட் என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். 1926இல் அவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். அந்தப் பிள்ளை 13 வயதில், நான்காவது மாதவிடாயின்போது இரத்தம் போயே இறந்தாள். இன்று மருந்து இருக்கிறது: டிரானெக்சாமிக் அமிலம், ஹோர்மோன் குளிசை, டெஸ்மோபிரசின், தேவைப்பட்டால் உறைவுக் காரணி ஊசி. ஆனாலும் இரத்தம் உறையாத நோய் என்றால் பலருக்கு ஆண்களின் ஹீமோபிலியாதான் ஞாபகம் வருகிறது.

ஜேர்மனியில் 2020 ஜனவரியில் பாட், டம்பொன் மீதான வரி 19 வீதத்திலிருந்து 7 வீதமாகக் குறைந்தது. போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் பாட் மலிந்தால் மட்டும் போதாது. புகலிடம் கோருவோருக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையாகக் கடும் நோய்க்கும் வலிக்கும்தான் சிகிச்சையை உறுதிப்படுத்துகிறது. மிச்சம் பெரும்பாலும் அதிகாரியின் முடிவு. 18 மாதமாக இருந்த இந்தக் காலத்தை 2024இல் 36 மாதமாக்கினார்கள். மாதாமாதம் மெல்ல மெல்ல இரத்தம் வற்றுகிற பிள்ளை 'கடும் நோய்' என்ற சொல்லுக்குள் எப்படி வருவாள்? காப்புறுதி இருக்கிற வீட்டிலும், டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளருக்கு அது காசு கொடுப்பதில்லை. அதனால்தான் தன் இரத்தத்தைப் பற்றித் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு வருகிறது. மொழிபெயர்ப்பு மருத்துவத்தின் பகுதி. அதைக் கேட்டுப் போராட வேண்டும்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. ஏழு நாளுக்கு மேல் போனால், இரண்டு மணித்தியாலத்துக்குள் பாட் நிரம்பினால், பெரிய கட்டிகளாய்ப் போனால், அடிக்கடி மூக்கால் இரத்தம் வந்தால், சின்ன அடிக்கும் தோல் கண்டிப்போனால், இரத்த உறைவுச் சிகிச்சை நிலையத்துக்கு ஊபர்வைசுங் கேளுங்கள். இரும்புச் சேமிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மன அழுத்தமோ காய்ச்சலோ இருந்தால் அந்தக் காரணியின் அளவு கூடிக் காட்டும், ஆகவே ஒரு பரிசோதனை 'நோர்மல்' என்று வந்ததோடு நிறுத்த வேண்டாம். வலிக்கு அஸ்பிரின் வேண்டாம், அது இரத்தப்போக்கைக் கூட்டும். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு யொட்-ஐன்ஸ் பரிசோதனையைக் காப்புறுதி கட்டுகிறது. இதைப் பற்றிக் கேட்க அது நல்ல இடம்.

போன வருசம் அம்மாவும் பரிசோதித்தா. அவவுக்கும் இருக்கு. அம்மம்மாவைக் கேட்க இனி வழியில்லை.

அடுத்த சாமத்தியவீட்டுக்குப் போய் வந்து மூன்று மாதம் கழிய, அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கள். எத்தனை நாள் போகுது, எத்தனை பாட் என்று கேளுங்கள். "எங்கட வீட்டில எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்று பதில் வந்தால், அந்த வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தோழமையுடன்.