வாடகைக் கார்: சாவி வாங்கும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

ஏர்வாடி சந்தனக்கூடு நாட்களில், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்கள் சிலர் தாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குக் கார் எடுக்கின்றனர். தெரிந்தவரின் சொந்தக் கார் என்றால் வாடகை குறைவு; ஆனால் ஆபத்து அதிகம்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது மோதப்பட்டவருக்கான இழப்பீடு. நீங்கள் ஓட்டிய காரின் சேதத்துக்கு உதவாது. முழுக் காப்பீடே இருந்தாலும், வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகைக்கு விட்டது நிபந்தனை மீறல் என்று கூறி காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். பிறகு செலவு முழுவதையும் கார்க்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், அது நாமே ஓட்டுவதற்கென அனுமதி பெற்ற வாடகைக் கார். அதிலும் பாலிசி நகலைக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை வீடியோ எடுங்கள். சேதமானால் நீங்கள் தரவேண்டிய உச்சத் தொகையை எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.