கைப்பேசிக்கு நம் பேச்சு புரியுமா?

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இரவும் பகலும் ஷிப்ட் முறையில் வேலை நடப்பதை நீங்கள் அறிவீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சர்க்கரை நோய். கைப்பேசியிலுள்ள உடல்நலச் செயலி எட்டு மணிக்கு ஒலித்து, ‘காலை உணவுக்கு முன் மாத்திரை’ என்கிறது. அவருக்கோ அது உறங்கும் நேரம். சிலவகை மாத்திரைகளை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். செயலியை உருவாக்கியவர் உலகமே இரவில் உறங்குவதாக நினைத்துவிட்டார் போலும்!

‘அதைத் தமிழில் தந்தால் போதாதா?’ என்று கேட்பீர்கள். தமிழ் வேண்டும்தான். கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் 2021 ஜூனில் பல இந்திய மொழிகளைச் சேர்த்தபோது, முதல் பட்டியலில் தமிழ் இல்லை, பிறகே சேர்ந்தது. ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பது என் கருத்து.

‘மயக்கம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம். தலை கிறுகிறுத்தாலும் நம் வீடுகளில் மயக்கம்தான். மருத்துவர் இன்னொரு கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்வார். செயலி? நெஞ்சு வலியை ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லிப் பழகிய பெரியவர், ‘மார்பு வலி உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்திவிடுவார். அது மாரடைப்பாக இருந்தால் என்ன ஆகும்?

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழியினர் ஏராளம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக் கடைகளில், கணிப்பொறி மொழிபெயர்த்த ஸ்பானிய மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி பாதிச் சீட்டுகளில் பிழை! ‘ஒருமுறை’ எனப் பொருள்படும் ‘ஒன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் சிலவற்றில் அப்படியே நின்றது. அதே எழுத்துகளை ஸ்பானியர் ‘ஓன்சே’ என்று படிப்பர், பொருள், பதினொன்று. நாளுக்கு ஒரு மாத்திரை பதினொன்றாகிவிடும்!

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்களுக்கு அந்தந்த ஊர்ப் பேச்சு தெரியும். செயலி எழுதுவோர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இவர்களிடம்தான். நகரியத்தில் தெலுங்கும் மலையாளமும் பேசும் குடும்பங்கள் உண்டு. மந்தாரக்குப்பம் பக்கத்துப் பேச்சு வேறு.

நீங்களும் உதவலாம். தலைச்சுற்றல், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி இவற்றை உங்கள் பாட்டி எந்தச் சொற்களால் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். பின்பு வீட்டுக் கைப்பேசியில் ஓர் உடல்நலச் செயலியைத் திறந்து, அவற்றில் எத்தனை அதில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.