மூக்குப்பொடிக் கடையில் ஒரு வாசகர் வட்டம்



ஒரு நூலைப் பலர் கூடி வாசித்து அளவளாவுவதற்கு என்னென்ன தேவை? நல்லதொரு மண்டபமும், வரிசையாக நாற்காலிகளும், கற்றறிந்த தலைவர் ஒருவரும் வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் நூல்களைப் பயின்று மகிழ்வதற்கென 1902ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் அன்பர் கழகம் தோன்றிற்று. பல நாடுகளில் கிளை பரப்பி, இன்றளவும் அது இயங்கி வருகின்றது. ஆயினும் அக்கழகம் தோன்றுவதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்னரே, அதே மாநகரில், ஒரு மூக்குப்பொடிக் கடையில் டிக்கன்சை வாசிக்க ஒரு வட்டம் கூடி வந்தது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவரும் அதில் இடம் பெற்றிருந்தார். இம்மாதம் அந்த எளிய வட்டத்தைப் பற்றியே நாம் சிந்திப்போம்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் புதிய நாவல் ஒன்று பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வெளிவரும். அதன் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். உழைத்துப் பிழைக்கும் குடும்பம் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? டிக்கன்ஸ் வேறு வழியை மேற்கொண்டார். தம் கதையை மாதம் ஒரு பகுதியாக, 32 பக்கங்களும் இரண்டு படங்களும் கொண்ட சிறு சுவடியாக, ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்டார். ‘டோம்பியும் மகனும்’ என்னும் நாவல் 1846 அக்டோபர் முதல் 1848 ஏப்ரல் வரை இவ்வாறே வெளிவந்தது. ஆயினும் அந்த ஒரு ஷில்லிங்கும் இல்லாதோர் பலர். ஷில்லிங் இருந்தும் எழுத்தறியாதோர் பலர். அவர்களுக்கும் கதை எட்டியது. எப்படி எட்டியது என்பதை டிக்கன்சின் உற்ற நண்பரான ஜான் ஃபார்ஸ்டர், தாம் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில் குறித்து வைத்துள்ளார்.

1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிக்கன்சின் மூத்த மகன் கடுங்காய்ச்சலுற்று, இலண்டனில் பாட்டியின் பராமரிப்பில் படுத்திருந்தான். அவ்வீட்டில் கூலிக்கு வேலை செய்து வந்த மூதாட்டி, டோம்பியின் கதையை இயற்றியவரின் மகனே மாடியில் படுத்திருக்கும் சிறுவன் என்று அறிந்ததும் திகைத்துப் போனார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை வீட்டார் அறிவர். ஆகவே, கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று வினவினர். அப்போதுதான் செய்தி வெளிவந்தது. மூதாட்டி ஒரு மூக்குப்பொடிக் கடையில் வாடகைக்குக் குடியிருந்தார். வேறு சிலரும் அங்குக் குடியிருந்தனர். மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை அங்கே ஒரு தேநீர் விருந்து நடைபெறும். அப்போது கடைக்காரர் அம்மாதத்துப் பகுதியை உரக்க வாசிப்பார். பணம் கொடுத்தவர்களுக்கே தேநீர். ஆனால் வாசிப்பைக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இப்படி ஒரு கதையைத் தனி மனிதர் ஒருவர் புனைந்திருக்க முடியாது, மூன்று நான்கு பேர் சேர்ந்தே செய்திருப்பர் என்று தாம் எண்ணியிருந்ததாக அம்மூதாட்டி கூறினாராம். டிக்கன்ஸ் இதைத் தமக்குக் கிடைத்த ஒரு பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார்.

அந்த ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். தேநீருக்குக் காசில்லாதவர் என்று எவரையும் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. எழுத்தறியாதவருக்குக் கதை எதற்கு என்றும் எவரும் கேட்கவில்லை. இனி, அங்கு வாசிக்கப்பெற்ற கதை எத்தகையது என்று பார்ப்போம்.

டோம்பி இலண்டனில் பெரும் வணிகர். அவருடைய நிறுவனத்தின் பெயரே ‘டோம்பியும் மகனும்’ என்பதாகும். அப்பெயருக்கேற்ப மகன் ஒருவன் பிறக்க வேண்டும் என்பதே அவரது ஒரே வேட்கை. மகன் பால் பிறக்கிறான்; பெற்றெடுத்த தாயோ இறந்துவிடுகிறாள். அவ்வீட்டில் ஆறு வயது மகள் புளோரன்ஸ் ஏற்கெனவே இருக்கிறாள். ஆனால் தந்தையின் பேரேட்டில் அவளுக்கென்று ஒரு பக்கமும் இல்லை. நோஞ்சானாகிய பால் தன் ஆறாம் வயதில், தமக்கையின் அரவணைப்பில் உயிர் விடுகிறான். 1847 பிப்ரவரி மாதப் பகுதியில் வெளியான அந்தக் கட்டத்தை எழுதிய இரவில், துயரம் தாளாமல் தாம் பாரிஸ் நகர வீதிகளில் அலைந்ததாக டிக்கன்சே பதிவு செய்துள்ளார். மகன் மறைந்த பின்னராவது தந்தை மகளை அணைத்துக்கொள்கிறாரா? இல்லை. மகன் போக மகள் எஞ்சியதே அவருக்கு ஆற்றொணாக் கசப்பாகிறது. பின்னொரு நாள், இரண்டாம் மனைவி வீட்டைவிட்டு வெளியேறிய வேளையில், ஆறுதல் கூற ஓடிவந்த மகளை அவர் கைநீட்டி அடித்தும் விடுகிறார். அவள் அவ்வீட்டைத் துறந்து செல்கிறாள்.

வாசகர்களே, ஒரு மூக்குப்பொடிக் கடையில், காசில்லாத முதியவளுக்கும் இடம் இருந்தது. ஒரு மாளிகையில், பெற்ற மகளுக்கு இடம் இருக்கவில்லை. நம் இல்லம் இவ்விரண்டில் எதனை ஒத்திருக்கிறது என்று நம்மை நாமே வினவிக்கொள்ளலாகாதா? டோம்பி கொடியவர் அல்லர். மகளுக்கு உணவும் உடையும் குறைவறக் கொடுத்தவர். அவளை ஏறிட்டுப் பார்க்கத் தவறினார், அவ்வளவே. “பையன் பிறந்திருந்தால்...” என்று தொடங்கி முடிக்காமல் விடும் பெருமூச்சு, தந்தையர் மட்டுமின்றித் தாய்மாரிடத்தும் பாட்டிமாரிடத்தும் இன்றும் எழுவதுண்டு. அருகில் நிற்கும் சிறுமி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கதையின் முடிவையும் கூறிவிடுவோம். நிறுவனம் நொடித்துப் போகிறது. வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் போகின்றன. வெறுமையான அறைகளில் டோம்பி தனியராய் அலைந்து, தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணும் நேரத்தில், புளோரன்ஸ் கையில் கைக்குழந்தையின் நினைவோடு திரும்பி வருகிறாள். தந்தையின் முன் மண்டியிட்டு, தன்னை மன்னிக்குமாறு அவள்தான் வேண்டுகிறாள்! மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார், கேட்பவர் யார்? அந்தக் கணத்தில் அம்மனிதரின் ஆணவம் உடைகிறது. இறுதியில் முதியவராகிய டோம்பி, பேரனைக் காட்டிலும் பேத்தியிடத்தே மறைவாகப் பேரன்பு பாராட்டுபவராய் நமக்குக் காட்சியளிக்கிறார்.

இக்கதையைத் தனியே வாசிப்பவர் கண் கலங்கக்கூடும். நூலை மூடியதும் மறந்துவிடவும் கூடும். தந்தையும் மகளும் ஒரே அறையில் அமர்ந்து கேட்டால் அவ்வாறு எளிதில் தப்ப இயலாது. கூடி வாசிப்பதன் பயன் இதுவே. எனவே மாதத்தில் ஒரு மாலை வேளையை இதற்கென ஒதுக்குவோம். நல்ல கதை நூல் ஒன்றை எடுத்து, பிள்ளைகளில் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்வோம். கண் மங்கிய பாட்டியை முன்னால் அமர்த்துவோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளையும் அழைத்து உட்காரச் சொல்வோம். வாசித்து முடிந்ததும், எப்போதும் பேசுகிறவரைத் தவிர்த்து, ஒருபோதும் வாய் திறவாதவரிடம், “உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று முதலில் கேட்போம். தேநீரை எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். அந்தக் கடைக்காரரைவிட நாம் அந்த ஒன்றிலாவது தாராளமாக இருப்போமே!