தலையெழுத்தும் இரத்தத்துளியும்

மனித சரீரத்தில் புரோட்டீன் செய்யும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000 என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். கிருமிகளோ கணக்கில் அடங்காதவை. அப்படியிருந்தும், அநேகமாய் எந்தக் கிருமி வந்தாலும் அதைப் பற்றிப் பிடிக்கும் கொக்கி நமது வெள்ளை அணுக்களில் ஏதோ ஒன்றில் முன்கூட்டியே இருக்கின்றது. இது எப்படி? "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டால் வேலை தீர்ந்தது. அப்படிச் சொல்லாமல் தேடினவர் ஜப்பானியரான சுசுமு டோனேகாவா. 1976-ல் பாஸல் நகரத்தில் அவரும் ஹொசூமியும் எலிக்கருவின் டி.என்.ஏ.வையும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிப் புற்று அணுவின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். கருவில் தூரத்தூரக் கிடந்த துண்டுகள் புற்று அணுவில் நெருங்கியிருந்தன! ஒரு உடம்பின் அணுக்களிலெல்லாம் ஜீன் மாறாமலிருக்கும் என்றுதான் அதுவரை பண்டிதர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். ருஜு வந்ததும் விட்டுவிட்டார்கள். டோனேகாவாவுக்கு 1987-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

சங்கதி இதுதான். எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்கு மூன்று கட்டுத் துண்டுகள் உண்டு. ஒன்றில் சுமார் 40, மற்றொன்றில் 23, இன்னொன்றில் 6. ஒவ்வொரு அணுவும் கட்டுக்கு ஒன்றாய் எடுத்து ஒட்டுப்போடுகின்றது. இதிலேயே ஐயாயிரத்துக்கு மேல் விதமாகின்றது. சின்னச் சங்கிலியும் சேர்ந்தால் லட்சக்கணக்கு. ஒட்டுமிடத்தில் எழுத்துக்கள் தாறுமாறாய்க் கூடிக் குறைவதால் கோடிக்கணக்கு. சொந்த உடம்பையே கடிக்கும் அணுக்கள் பெரும்பாலும் ஒழிக்கப்படுகின்றன. செய்து பார்த்துக் கழிக்கின்ற இந்த வேலையில் ஞானதிருஷ்டி எங்கே இருக்கின்றது?

வெட்டும் கத்திரிகளுக்கு ராக்-1, ராக்-2 என்று பெயர். அவை அடியோடு பழுதான குழந்தைக்கு எதிர்ப்பு அணுக்களே உண்டாவதில்லை. சிகிச்சையில்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் காய்ச்சலாய்ப் போவது இதற்கு எமனாகின்றது. பெற்றவர்களுக்குக் கிடைப்பதோ, "விதி" என்ற ஆறுதல்.

விதியல்ல, தோழர்களே! வெட்டும்போது கழித்த டி.என்.ஏ. துண்டு வளையமாகி டி அணுவிலேயே கிடக்கின்றது. குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அந்த வளையங்களை எண்ணினால், கத்திரி பழுதோ வேறு காரணமோ, டி அணு இல்லாத குறை தெரிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணம் 2008-ல் இச்சோதனையைப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பித்தது. நோய் தொற்றுமுன் கண்டுபிடித்து, பிறர் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பெரும்பாலோர் பிழைக்கின்றார்கள்.

இதில் தாமதிக்க இடமில்லை. மற்றக் குழந்தைகளைக் காப்பாற்றுகின்ற பி.சி.ஜி. ஊசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், இந்தக் குறையுள்ள குழந்தைக்கு அதுவே நோயாகிவிடலாம். பிறந்தவுடன் அவ்வூசி போடுகின்ற தேசங்களில் இந்த ஒரு சொட்டு இரத்தத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.