டேப்பெட் சத்தத்துக்குக் கை மட்டும் காரணமல்ல

"டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணி ஒரு வாரம்கூட ஆகலை, மறுபடியும் டக்டக்னு சத்தம்!" இப்படி வண்டியோடு பட்டறைக்குத் திரும்பும் வாடிக்கையாளர் முதலில் குறை சொல்வது மெக்கானிக்கின் கையைத்தான். தொழில் தெரியாதவன் என்ற பட்டம் உடனே கிடைத்துவிடும். அந்தக் கை பிடித்திருந்த ஃபீலர் கேஜ் சரியாக அளந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துபோகும்.

வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே சிறிது இடைவெளி வேண்டும். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணுவது என்பது இந்த இடைவெளியைச் சரிசெய்வதுதான். 100 சி.சி. பைக்குகள் சிலவற்றில் அது 0.05 மி.மீ., அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் கனத்தில் பாதி. கூடினால் சத்தம் வரும். வால்வு தாமதமாகத் திறக்கும். குறைந்தால் சத்தமே இருக்காது. பெரிய ஆபத்து அதில்தான். இன்ஜின் சூடேறி உலோகம் நீளும்போது வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கடத்த வழியில்லாமல் மெல்ல மெல்லக் கருகும்.

இத்தனை நுட்பமான அளவை, இடைவெளியில் செருகிய ஃபீலர் கேஜின் தகடு "லேசாகப் பிடித்துக்கொண்டு" நகர்கிறதா என்று விரல் உணர்வை வைத்தே முடிவு செய்கிறோம். ஒருவருக்கு லேசு, இன்னொருவருக்கு இறுக்கம். தகட்டில் எண்ணெய் இருந்தால் ஓர் உணர்வு, துடைத்தால் வேறு. இதற்கு நல்ல மாற்று இரண்டு தகடு முறை: 0.04 தகடு தாராளமாக நுழைய வேண்டும், 0.06 தகடு நுழையவே கூடாது. இதில் உணர்வுக்கு வேலை இல்லை. போகிறதா, போகவில்லையா என்பதுதான் கேள்வி.

ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 13 தகடு, 20 தகடு செட்டுகள் பெரும்பாலும் 0.05இல் தொடங்கி அடுத்து 0.10க்குத் தாவுகின்றன. நடுவில் எதுவும் இல்லாதபோது அந்த மெக்கானிக் எதை வைத்துச் சரிபார்ப்பார்? 0.02இல் தொடங்கும் செட்டுகளும் சந்தையில் உண்டு. பெரிய செலவில்லாத இந்த மாற்றத்தைப் பட்டறைகள் முதலில் செய்யலாம்.

செட் நல்லதாக இருந்தாலும் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்த ராக்கர் ஆர்மின் நுனியில் வால்வுத் தண்டு ஒரு சிறு குழியைப் பறித்திருக்கும். தகடு தட்டை, அது குழிக்குள் இறங்காது, குழியின் விளிம்புகள் மேல் பாலம்போல் நிற்கும். குழி 0.05 ஆழம் என்றால், தகடு 0.05 என்று காட்டும் இடத்தில் உண்மை இடைவெளி 0.10. கை சுத்தம், கேஜ் சுத்தம், சத்தம் மட்டும் போகாது. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கிலும் இதே கதைதான். அங்கே தட்டைத் தகட்டைவிட வட்டக் கம்பி கேஜ் நம்பகமானது. ஆக்ஸா பிளேடைச் செருகிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழியிடம் ஏமாறாமல் அளக்க வழிகள் உண்டு. காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை நிறுத்தி, ராக்கரின் வால்வுப் பக்க நுனியை மேலும் கீழும் அசைத்தால் உண்மையான ஆட்டத்தை 0.01 மி.மீ. வரை படிக்கலாம். டயல் கேஜ் இல்லையா? இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகே ஒரு கேஜ்தான். திருகு நேராக வால்வுத் தண்டின் நுனிமேல் அமரும் இன்ஜினில், அதன் புரி இடைவெளி 0.5 மி.மீ. என்றால், முழுதாகத் தொடவிட்டு 36 டிகிரி பின்னால் திருப்பினால் 0.05 கிடைக்கும். புரியின் தளர்வை மட்டும் கவனிக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகரும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி பார்க்காத அளவு அளவே அல்ல.

வெயிலும் தன் பங்குக்கு விளையாடுகிறது. ஹோண்டாவின் சர்வீஸ் கையேடுகள் இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்கின்றன. சித்திரை மாத வேலூரில் நண்பகல் நிழலே அதைத் தாண்டிவிடும்! வண்டியை முதல் நாள் மாலையே வாங்கி வைத்து, காலையில் முதல் வேலையாக டேப்பெட்டைத் தொடும் பட்டறைக்காரரை "இழுத்தடிக்கிறார்" என்று திட்டுவது நியாயமில்லை.

விரல் உணர்வே தவறு என்பதல்ல. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில், இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கேஜே இல்லாத அந்த முறை வேலை செய்தது. ஏனென்றால் அங்கே விரல் தேடியது 0.05 அல்ல, பூஜ்யம்.

ஐ.டி.ஐ. செய்முறைத் தேர்வில் மாணவருக்குப் புது ராக்கரைத் தருவதை விட்டு, தேய்ந்த ஒன்றைத் தர வேண்டும். தகட்டால் ஒருமுறை, டயல் கேஜால் ஒருமுறை அளக்கச் சொல்லி, இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்ற விளக்கத்துக்கு மதிப்பெண் போடலாம்.