பெயரும் குடும்பமும் பெருகும் செலவும்

புகாரை விட்டுக் கோவலனும் கண்ணகியும் மதுரையை நோக்கிப் புறப்பட்டபோது அவர்களிடம் இருந்த முதல் ஒரு சோடிச் சிலம்பு மட்டுமே. சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்றும் நீதியின் காப்பியம் என்றும் நாம் போற்றுகிறோம். கைப்பொருள் சுருங்கிய நிலையில் நெடுந்தொலைவு குடிபெயர்ந்த ஓர் இளங்குடும்பத்தின் கதையாகவும் அதனைப் படிக்கலாம். அத்தகைய குடும்பங்கள் இன்று நம் ஊர்களில் எண்ணற்றவை. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தில்லிக்கும் பிழைப்பு நாடிச் செல்வோரை நாம் நாள்தோறும் வழியனுப்புகிறோம். அரசு அலுவலருக்கும் பெரிய நிறுவன ஊழியருக்கும் இடமாற்றப் படி உண்டு. கடைச் சிப்பந்திக்கும் தையல் தொழிலாளிக்கும் ஒப்பந்த ஆசிரியருக்கும் அது இல்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

செலவு எங்கே இருக்கிறது?

வீடு மாற்றுவது என்றவுடன் லாரி வாடகையைத்தான் எல்லோரும் முதலில் கணக்கிடுகின்றனர். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் வீட்டு முன்பணமே ஆகும். மாத வாடகை 8,000 ரூபாய் என்று கொள்வோம். மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டாலும் 24,000 ரூபாய். முதல் மாத வாடகையும் சேர்ந்தால் 32,000 ரூபாய். புதிய வீட்டில் அடுப்பு மூட்டும் முன்பே இத்தொகை கையில் இருக்க வேண்டும். பழைய வீட்டின் முன்பணமோ, வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பின்னரே திரும்பும். இந்த இடைவெளி சில நாள்களே ஆயினும், அந்நாள்களில்தான் நகை அடகுக்குப் போகிறது. வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. வீட்டைக் காலி செய்தபின் அதனைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்போர்க்கு இச்சட்டத்தின் துணை எளிதில் கிட்டுவதில்லை. எனவே குடிபெயர்வோர் முதலில் தேடவேண்டியது லாரியை அன்று; பழைய வாடகை ஒப்பந்தத்தையும் முன்பணம் கொடுத்ததற்கான சான்றையுமே ஆகும்.

எதை எடுப்பது, எதை விடுப்பது?

ஒரு பொருளை இங்கே விற்றால் என்ன கிடைக்கும், அங்கே வாங்கினால் என்ன ஆகும், கொண்டு செல்ல எவ்வளவு ஆகும் என்னும் மூன்று கேள்விகளே போதுமானவை. இரும்புக் கட்டிலும் பிளைவுட் மேசையும் பெரும்பாலும் இத்தேர்வில் தோற்றுவிடும். பாத்திரம், துணி, படுக்கை, தையல் எந்திரம் ஆகியவை வென்றுவிடும். "எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய் அங்கே தவணையில் வாங்கிக்கொள்ளலாம்" என்று சிலர் அறிவுரை கூறுவர். சம்பளம் உறுதியான ஒருவருக்கு அது பொருந்தலாம். புதிய ஊரில் முதல் மாதக் கூலியே நிச்சயமில்லாதவருக்குத் தவணை என்பது மற்றொரு சுமையே.

செலவைக் குறைக்க வழிகள் இல்லாமலில்லை. இரயிலில் தூங்கும் வகுப்புப் பயணி ஒவ்வொருவரும் 40 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். முழுக் கட்டணச் சீட்டுடைய நால்வருக்கு 160 கிலோ ஆகிறது. ஒரு சிறு குடும்பத்தின் துணிமணியும் சமையற் பாத்திரங்களும் இதற்குள் அடங்கிவிடும். மிகுதியைப் பார்சல் அலுவலகத்தில் முன்னரே பதிவு செய்யலாம். பதியாமல் ஏற்றிப் பிடிபட்டால் பலமடங்கு கட்ட நேரிடும். சரக்கிறக்கிவிட்டு ஊர் திரும்பும் லாரிகள் வெறும் வண்டியாகச் செல்வதைவிடக் குறைந்த வாடகைக்கு ஏற்றிச் செல்ல இசையும். நாள் ஒன்றிரண்டு முன்பின் ஆவதற்கு நாம் இசைந்தால் போதும். ஆனால் ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிப்படிக்கான கூலி ஆகியவற்றை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

மிகக் குறைந்த தொகை சொல்லிச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, நடுவழியில் கூடுதல் பணம் கேட்டு மிரட்டுவோரும் உளர். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்பதை அறியாதவரிடம் அதன் பெயராலும் பணம் பறிக்க முடியும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பொதுச் சரக்கேற்றிகள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். சாமான்களின் மதிப்பை எழுத்தில் அறிவிக்காவிடில், இழப்பீடு பொதுவாகக் கட்டணத்தின் பத்து மடங்குக்கு மேல் கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், புதிதாகக் குடியேறிய ஊரிலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது வழக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் இரசீது இல்லாதவர் எதைக் காட்டி முறையிடுவார்?

சான்று என்னும் சிலம்பு

மீண்டும் மதுரைக்கு வருவோம். கோவலன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. அது கண்ணகியிடம் இருந்த மற்றொரு சிலம்பு. அரசவைக்கு அது வந்து சேர்ந்தபோது கோவலன் உயிருடன் இல்லை. பிறந்த ஊரில் நம்மை அறிந்தோர் நூறு பேர் இருப்பர். புதிய ஊரில் நமக்காகப் பேசுவது காகிதம் ஒன்றே.

ஆதலின் ஆவணங்கள் லாரியில் போகலாகாது, கைப்பையில் போகவேண்டும். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டுகள், எரிவாயு இணைப்பை ஒப்படைத்ததற்கான சீட்டு ஆகியவை அதில் முதன்மையானவை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ சேர்க்க மறுப்பதற்குக் காரணமாகாது. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் குடும்பங்கள் வெளிமாநிலத்திலும் தமக்குரிய தானியத்தைப் பெற வழி ஏற்பட்டுள்ளது. இவற்றை அறியாமல் ஓராண்டுப் படிப்பையும் பல மாத அரிசியையும் இழப்போர் நம்மிடையே உள்ளனர்.

யாருடைய பொருள் விடப்படுகிறது?

வலியுறுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சுமையைக் குறைக்கும்போது முதலில் கழிக்கப்படுவது, வீட்டில் குரல் தாழ்ந்தவர்களின் பொருள். பாட்டியின் பாக்குவெட்டியும் வெற்றிலைச் செல்லமும், தாயின் அம்மி, மகளின் புத்தகக் கட்டு ஆகியவை பழைய சாமான் கடைக்குப் போகின்றன. தொலைக்காட்சிப் பெட்டி லாரி ஏறுகிறது. மேற்கூறிய மூன்று கேள்விகள் பண்டங்களுக்கே பொருந்தும், நினைவுகளுக்குப் பொருந்தா. வயதான ஒருவருக்கு ஊரும் உறவும் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன. அவருக்கென்று ஒரு பெட்டியாவது விலை பாராமல் எடுத்துச் செல்லப்பட வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் எவரும் கேள்வி கேட்காத ஒரு பொருள் என்று விதி வகுத்துக்கொண்டால், அதனால் கூடும் எடை மிகச் சிறிது.

நாம் செய்யத்தக்கவை

குடிபெயர்தலை ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட துன்பமாக விட்டுவிடுதல் தகாது. வீட்டு முன்பணத்துக்கான அந்தச் சில நாள் இடைவெளியை வட்டியில்லாக் கடனால் நிரப்பலாம். அவ்வழக்கம் நம் ஊர்களுக்குப் புதியதன்று. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கைகொடுக்கும் பெரியோர் இதனையும் அப்பட்டியலில் சேர்த்தல் வேண்டும். பழைய முன்பணம் திரும்பியதும் அத்தொகை திரும்பிவிடும் என்பதால் இழப்புக்கு இடம் குறைவு. வெளியூர்களில் பணிபுரியும் பழைய மாணவர்கள், வருவோர்க்கு வீட்டு வாடகை நிலவரத்தையும் பள்ளி விவரத்தையும் சொல்லி உதவலாம். மாணவர்கள் தம் தெருவில் பெயரும் குடும்பத்துக்குப் பாரம் ஏற்ற இரண்டு மணிநேரம் தரலாம். படிவங்களை நிரப்பித் தரலாம்.

மதுரைக்குப் புதிதாய் வந்த அவ்விருவருக்கும் தன் இல்லத்தில் இடமளித்தவள் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டி. அவளிடம் செல்வம் இல்லை, மனம் இருந்தது. நம் ஊருக்குப் புதிதாய் வந்து சாமான்களை இறக்கும் குடும்பத்துக்கு முதல் நாள் உணவை அனுப்புவதும், நல்ல கடையையும் பள்ளியையும் காட்டுவதும் நமக்குப் பெருஞ்செலவாகா. அக்குடும்பத்துக்கோ அவை பேருதவி. நாளை நம் பிள்ளைகளும் ஏதேனும் ஓர் ஊரில் புதியவராய்ச் சென்று இறங்கப் போகிறவர்களே.