'மூக்குல சதை' ஒரு நோயோட பேர் இல்ல

1/ திசையன்விளை பக்கம் மூக்கடைப்புன்னு போனா "சதை வளந்திருக்கு", அதோட முடிஞ்சுது. கூடவே, "ஆபரேஷன் பண்ணாதீங்க, திரும்ப வளரும்"னு இலவச ஆலோசனை வேற. ரெண்டையும் நம்பாதீங்க.

2/ அலர்ஜியோட வர்ற பாலிப் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் இருக்கும். பலருக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயிலேயே சுருங்கும். ஒரே பக்கம் அடைப்பு, ரத்தம்னா எண்டோஸ்கோப் வச்சுப் பார்த்தே ஆகணும்.

3/ வளர்ற வயசுப் பையனுக்கு அப்படி வந்தா ஆஞ்சியோஃபைப்ரோமாவா இருக்கலாம். புற்றுநோய் இல்ல, ஆனா முழுக்க ரத்தக்குழாய். அவசரப்பட்டுக் கிள்ளி எடுத்தா ரத்தம் கொட்டும். முதல்ல ஸ்கேன்.

4/ ஐம்பது வயசுக்காரருக்கு இன்வெர்ட்டட் பாப்பிலோமாவா இருக்கலாம். சிலருக்கு அது புற்றாவும் மாறும். "சும்மா சதை"ன்னு விடலாமா?

5/ தென்மாவட்டத்துல ரைனோஸ்போரிடியோசிஸும் உண்டு. குளத்துத் தண்ணியில இருந்து தொத்துறதா கருதப்படுது. செக்கச்செவேல்னு, மேல வெள்ளைப் புள்ளியோட, தொட்டாலே ரத்தம் வரும். இது கட்டியே இல்ல, தொற்று. முழுசா எடுத்து, அடிப்பகுதியைக் கரிச்சு விடணும்.

6/ திரும்ப வளருமா? சிலது வளரும், முக்கியமா அடி மிச்சம் இருந்தா. சீமை உடையை மேலோட வெட்டிட்டு, துளிர்த்ததுக்கு அரிவாளைத் திட்டுவீங்களா?

7/ எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. அங்க போனாலும், எங்கிட்ட வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்க: "டாக்டர், இந்தச் சதைக்குப் பேர் என்ன?"